விளம்பரத்தில் வந்தவரும் மேடையில் வந்தவரும்

அயலூரிலிருந்து ஒரு நாடகக் குழு வருகிறதென்றால், அது வருவதற்கு முன்னே அதன் விளம்பரம் வந்து விடுகின்றது. சுவரில் ஒட்டிய தாளாகவும், முச்சக்கர வண்டியிற் கட்டிய ஒலிபெருக்கியின் முழக்கமாகவும், இந்நாளிலே கைபேசியில் ஒளிரும் படமாகவும் அது வருகின்றது. குழுவினரை நாம் கண்டதில்லை. அவர்தம் பாட்டைக் கேட்டதுமில்லை. விளம்பரத்தை நம்பியே காசு கொடுத்துச் சீட்டு வாங்குகின்றோம். ஆகவே, திரை விலகுவதற்கு முன்னரே நாடகத்தின் ஒரு பாதி நம் மனத்தில் நடந்து முடிந்து விடுகின்றது. மேடையில் நடப்பது மறுபாதியே. இவ்விரு பாதிகளும் பொருந்தாவிடத்து எழும் பிணக்கு யாருடைய பிழை? விளம்பரஞ் செய்தவர் பிழையா, வந்து நடித்தவர் பிழையா, மிகுதியாக எதிர்பார்த்த நம்முடைய பிழையா?

இவ்வினாவை யான் ஏட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. என் கையாலேயே ஒரு விளம்பரம் எழுதி, அதன் பொருட்டு ஊரார் முன் தலைகுனிந்து நின்றவன் யான். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன் சொல்லவேண்டியவை சில உள.

களரியும் கொட்டகையும்

எங்கள் கிழக்குக் கரையோரத்தார்க்குக் கூத்துப் புதியதன்று. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதித் தமிழ்க் கிராமங்களில் வழிவழி ஆடப்பட்டு வருவன. கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயில் விழாவின்போது பாரதக் கதை முழுதும் ஊரின் தெருக்களிலேயே நடக்கின்றது. வனவாசம் போவாரும் தவநிலை ஏறுவாரும் அவ்வூராரே. எம் முஸ்லிம் ஊர்களிலும் பொல்லடி அண்ணாவியார் பழக்கிய இளைஞர் வட்டமாக நின்று கம்பொலிக்க ஆடுவதும், பக்கீர்மார் தாயிரா தட்டிப் பைத்துப் பாடுவதும், வயற்காவற் பரணிலிருந்து கவி பிறப்பதும் அறியாதார் இலர்.

இவற்றிலெல்லாம் காண்போரும் ஆடுவோரும் ஓரூரார். கூத்துக்குச் சட்டங் கொடுப்பதுமுதல் அரங்கேறும் வரை மாதக்கணக்கிற் பயிற்சி நடக்கும். அருச்சுனனாக வருபவர் யார், அவர் தொண்டை எத்தகையது, சென்ற கிழமை அவருக்குக் காய்ச்சல் கண்டதா என்பனவெல்லாம் ஊரறிந்த செய்திகள். அவர் ஓரிடத்திற் சுருதி தவறினால் 'பாவம், வேளாண்மை வெட்டிய களைப்பு' என்பார்கள். எதிர்பார்ப்பு அங்கே அறிவினின்று பிறக்கின்றது. அறிந்த எதிர்பார்ப்பு பொறுமை உடையது.

சுற்றி வரும் நாடகமோ வேறு வகை. அதிலே ஆடுவோரைக் காண்போர் அறியார். காண்போரை ஆடுவோர் அறியார். இருவர்க்குமிடையே நிற்பது ஒரு துண்டுத் தாளும் ஒரு சீட்டுமே. அறியாமையினின்று பிறக்கும் எதிர்பார்ப்புக்குப் பொறுமை இல்லை.

இவ்வகை நாடகம் இலங்கைக்கு வந்த வரலாறு ஒன்றரை நூற்றாண்டு அளவினது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் கொழும்புக்கு வந்தன. வண்ணத் திரைகள், மினுங்கும் உடைகள், ஆர்மோனியத்தோடு கூடிய இந்துஸ்தானி மெட்டுகள் ஆகியன கண்டாரை மயக்கின. அம்மயக்கத்தினின்றே சிங்களத்தில் 'நூர்த்தி' என்னும் நாடக வகை பிறந்தது. அதற்கென்றே மருதானையில் 1911ஆம் ஆண்டு டவர் மண்டபம் எழுந்தது. தமிழகத்துக் கம்பெனிகளும் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வந்தன. கொட்டகை கட்டி ஆடியமையால் யாழ்ப்பாணத்தார் அதனைக் 'கொட்டகைக் கூத்து' என்றனர். பின்னாளில் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) வசந்தகான சபையை அமைத்து, 'அரிச்சந்திர மயான காண்ட'த்தை ஊர்தோறும் ஆடியதும் இம்மரபின் வழியே.

ஸ்பெஷல் நாடகமும் சங்கமும்

தமிழ் இசை நாடகத்தின் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கின்மையால் மனம் சலித்த அவர், 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. இத்தகைய கம்பெனிகளில் நடிகர் அனைவரும் ஒருங்கே உண்டு, ஒருங்கே பயின்று, ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தனர். கட்டுப்பாடு கடுமையாயினும் நாடகம் ஒருமைப்பாடு உடையதாயிருந்தது.

கம்பெனிக்கு மாறாக எழுந்தது 'ஸ்பெஷல் நாடகம்'. இதற்குக் கம்பெனி இல்லை, ஒத்திகையும் இல்லை. இராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோரூரிலிருந்தும், பபூன் மற்றோரூரிலிருந்தும் தனித்தனியே அழைக்கப்படுவர். அன்றிரவு மேடையிலேதான் ஒருவரையொருவர் காண்பர். சுவாமிகளின் பாடல்களும் கதைப்போக்கும் எல்லோர்க்கும் மனப்பாடமாதலின், பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நாடகம் தட்டின்றி நடக்கும். எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே. பி. சுந்தராம்பாளும் (1908–1980) இணைந்து நடித்துப் புகழ்பெறத் தொடங்கியது 1926இல், நம் கொழும்பு மாநகரில் என்பது நம்மவர் பெருமையோடு நினைக்கத்தக்கது. இவர் எட்டும் சுருதியை அவர் எட்டுவாரா என்று சபையோர் மூச்சடக்கிக் கேட்டனர். அச்சபையோர் பாட்டுப் புத்தகத்தை முன்னரே வாங்கிப் படித்தவர். இசைத்தட்டிற் பாட்டைக் கேட்டவர். ஆகவே தாம் எதனை எதிர்பார்க்கிறோம் என்பதை அறிந்திருந்தனர்.

கம்பெனி முதலாளி இல்லாதவிடத்துத் தனி நடிகரைக் காப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையாகவே மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் எழுந்தன. ஸ்பெஷல் நாடக விளம்பரத் தாளைக் கண்டவர் ஒன்றைக் கவனித்திருப்பர். அதிலே நடிகர் பெயரும் ஊரும் மட்டுமன்று, முகப்படமும் அச்சிடப்பட்டிருக்கும். ஆர்மோனியம் வாசிப்பவர், மிருதங்கம் வாசிப்பவர் பெயர்களும் உண்டு. இன்னார் வருவர் என்பது அங்கே வெறும் புகழ்ச்சியன்று. முகங்காட்டிச் செய்த உறுதி.

கடல்கடந்த நாட்டுச் செய்தியொன்றையும் இங்கே சொல்லுதல் தகும். ஐக்கிய அமெரிக்காவில் நடிகர்கள் 1913இல் 'அக்டர்ஸ் ஈக்குவிற்றி' என்னும் சங்கத்தை அமைத்தனர். அதற்கு முன் ஒத்திகைக்கு ஊதியமில்லை. வெளியூரிலே நாடகம் நட்டப்பட்டு நின்றுவிட்டால், முதலாளி மறைந்துவிட, நடிகர் ஊர்திரும்ப வழியின்றித் தவிப்பர். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்து, அரங்குகள் பலவற்றை மூடச்செய்து, வெற்றியில் முடிந்தது. இன்றும் நியூயோர்க்கிற் புகழ்பெற்ற இசை நாடகமொன்று ஊரூராகப் புறப்படும்போது, சங்க உறுப்பினர் நடிக்கும் குழுவாகவும் புறப்படலாம்; சங்கஞ்சாராக் குழுவாகவும் புறப்படலாம். பின்னதிலே ஊதியம் குறைவு. வாத்தியக்காரர் தொகையும் காட்சியமைப்பும் குறைவாயிருத்தல் உண்டு. ஆயின், சுவரொட்டியிலே நாடகத்தின் பெயர் ஒன்றே. சிற்றூரார் தலைநகரத்து நாடகமே தம்மூருக்கு வந்ததென நம்பிச் சீட்டு வாங்குவர்.

இதிற் குறை காண்போரும் உளர். நிறை காண்போரும் உளர். 'பெயரைக் காட்டி ஏமாற்றுகின்றனர்' என்பது ஒரு கட்சி. 'இக்குழுவும் வராவிடின் சிற்றூரார் அந்நாடகத்தைக் காண்பதே இல்லை. இளம் நடிகர்க்கும் முதல் வாயில் இதுவே' என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயின் இரு கட்சியாரும் உடன்பட வேண்டிய ஒன்றும் உண்டு. வருபவர் யார் என்பதை வாங்குபவர்க்குச் சொல்லிவிட்டு விற்றல் வேண்டும்.

வாப்பா சொன்ன சொல்

1978ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் கரையைச் சூறாவளி அழித்தது. அதற்கு முந்திய ஆண்டு எனக்குப் பத்து வயது. கல்முனையிலே படமாளிகையொன்றில் 'சத்தியவான் சாவித்திரி' நடக்கப்போவதாக விளம்பரம் வந்தது. புகழ்பெற்ற பாடகர் ஒருவர் சத்தியவானாக வருவார் என்று பெரிய எழுத்திற் போட்டிருந்தார்கள். என் வாப்பா அவர் பாட்டை வானொலியிற் கேட்டு உருகுபவர். இஷாத் தொழுகை முடிந்ததும் என்னைத் துவிச்சக்கர வண்டியின் முன் தண்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

பாடகர் வரவில்லை. வரவில்லை என்று எவரும் அறிவிக்கவுமில்லை. வேறொருவர் அதே மகுடத்தோடு மேடைக்கு வந்தார். முதற் பாட்டிலேயே சபை கண்டுகொண்டது. கூச்சல் எழுந்தது, பின்வரிசையிலிருந்து இளநீர்க் கோம்பை ஒன்று மேடையில் வந்து விழுந்தது. அம்மனிதர் பாட்டை நிறுத்தி, மகுடத்தைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டு, 'பெரியோர்களே, நோட்டீசில் இருப்பவர் நானல்லன். என் பெயரை நோட்டீசில் யாரும் போடவுமில்லை. எனக்குத் தெரிந்த அளவு பாடுகிறேன்' என்றார். சபை சற்றே அடங்கியது, முழுதும் அடங்கவில்லை. நள்ளிரவுக்குப் பின் பலர் எழுந்து போயினர். வாப்பா மட்டும் இறுதிவரை இருந்தார்.

திரும்பும் வழியில் யானும் அம்மனிதரை ஏசினேன். வாப்பா வண்டியை மிதித்தபடியே, 'மகன், வந்தவனுக்கு ஏசாத. வராதவன்ட பேரைப் போட்டவனத் தேடு' என்றார்.

பத்து வயதில் அச்சொல்லின் ஆழம் எனக்கு விளங்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அந்தப் 'போட்டவன்' யானாகவே ஆனபோதுதான் விளங்கிற்று.

யான் எழுதிய விளம்பரம்

2018ஆம் ஆண்டு, எங்கள் கரையோரத்துப் பாடசாலையொன்றின் நூல்நிலையத்துக்கு நிதி சேர்க்க விரும்பினோம். அயல் மாவட்டத்திலிருந்து ஓர் இசை நாடகக் குழுவை அழைத்து 'அரிச்சந்திரன்' நாடகத்தை நடத்துவதென்று முடிவாயிற்று. குழுவை ஒழுங்குசெய்து தருபவராக ஒரு முகவர் வாய்த்தார். 24 பேர், அவருள் ஐவர் வாத்தியக்காரர், என்று சொல்லி 2 இலட்சம் ரூபா கேட்டார். யாங்கள் பேரம் பேசினோம். ஒவ்வொரு முறையும் அவர் சிறிது இறங்கினார். இறுதியில் 1 இலட்சத்து 20 ஆயிரத்திற்கு இணங்கினார். எங்கள் திறமையை எண்ணி யாங்களே மகிழ்ந்தோம். விலை குறைந்தபோது எது குறையப் போகிறது என்று அம்முகவரிடம் எவரும் கேட்கவில்லை.

விளம்பரம் எழுதும் பணி பண்டிதன் என்ற முறையில் என்னிடம் வந்தது. யான் எழுதினேன். 'இசைக்கடல்கள்' என்றேன், 'நடிப்புச் சிகரங்கள்' என்றேன், 'பல்லியம் முழங்கப் பைந்தமிழ்ப் பாட்டிசை' என்றேன். அக்குழுவில் ஒருவரையேனும் யான் பார்த்ததில்லை. ஒரு பாட்டையேனும் கேட்டதில்லை. மோனை வாய்த்தது, ஆகவே எழுதினேன். சீட்டின் விலை 300 ரூபா. 500 சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. நூல்நிலையத்துக்கு 30 ஆயிரம் மிஞ்சும் என்று கணக்கிட்டோம்.

குறித்த நாள் மாலையிலே ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் 13 பேர். வாத்தியக்காரர் ஒருவரேனும் இல்லை. ஓர் இளைஞர் கைவிரல் அளவான ஒரு பொருளைக் காட்டி, 'சேர், பாட்டெல்லாம் இதுக்குள்ள இருக்கு' என்றார். முகவரைத் தொலைபேசியில் அழைத்தோம், பதிலில்லை.

நாடகம் தொடங்கி அரை மணி நேரத்தில், முன்வரிசையிலிருந்த முதிய வேளாண்மைக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். என்னிடம் மூன்று பிள்ளைகளைப் படிக்க விட்டவர். 'சேர், நோட்டீசில ஆர்மோனியம் இரிக்கெண்டு போட்டிருந்தீங்க. மேடையில காணல்லியே?' என்று கேட்டார். குரலில் வெகுளி இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டவர் போலக் கேட்டார். கூச்சலைத் தாங்கலாம், அக்கேள்வியைத் தாங்க முடியவில்லை. உண்மையின் பொருட்டு நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்தவனின் கதை நடக்கும் மேடைக்கு முன்னே, பொய்யுரை எழுதியவனாக யான் நின்றேன்.

மேடைக்குச் சென்று ஒலிவாங்கியைப் பெற்றேன். 'விளம்பரத்தை எழுதியவன் யான். விசாரியாமல் எழுதினேன். பணத்தைத் திரும்பக் கேட்போர்க்குத் திரும்பத் தருவோம். இங்கே நிற்கும் நடிகர்கள் உங்களுக்கு எப்பொய்யும் சொல்லவில்லை' என்றேன். 64 பேர் பணத்தைத் திரும்பப் பெற்றனர். நியாயமே. மற்றையோர் இருந்தனர். இருந்தவர் அனைவரும் விருப்போடு இருந்தனர் என்று சொல்லமாட்டேன். இரவாகிவிட்டது, பிள்ளைகள் மடியில் உறங்கிவிட்டனர் என்பதனாலும் இருந்தனர்.

முற்பகுதியிலே தோழியாக வந்த இளம்பெண்ணே பிற்பகுதியிற் சந்திரமதியாகவும் வந்தாள். ஆள் இல்லாக் குறை. மயான காண்டத்தில் அவள் மகனை மடியில் ஏந்திப் பாடத்தொடங்குகையில் மின்கருவி தடைப்பட்டு, பதிவுசெய்த இசை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. சுருதிக்கு ஒன்றுமின்றித் தன் தொண்டையையே துணையாகக்கொண்டு பாடி முடித்தாள். பாட்டு மிக உயர்ந்ததென்று சொல்லேன். ஓரிடத்திற் குரல் பிசிறிற்று. ஆயினும் அன்றிரவு மண்டபம் முழுதும் ஒருங்கே அமைதியாயிருந்தது அப்பொழுதில் மட்டுமே.

நாடகம் முடிந்தபின் அவர்களோடு பேசினேன். தலைக்கு 2,500 ரூபாவே அவர்கள் பெறுவது. காலையிலிருந்து பயணம்; இராவுணவு யார் பொறுப்பு என்பது பேச்சிலேயே வரவில்லை. முகவர் யாங்கள் தருவோமென்று அவர்களிடம் சொன்னாராம். அவரே கவனித்துக்கொள்வார் என்று யாங்கள் எண்ணியிருந்தோம். நள்ளிரவிலே கல்முனைப் பிரதான வீதியில் மூடாதிருந்த கடையொன்றைத் தேடிக் கொத்துரொட்டி வாங்கிக்கொடுத்தோம். நூல்நிலையத்துக்கு மிஞ்சியது 10,800 ரூபா. அப்பணத்தில் வாங்கிய நூல்கள் இன்றும் அவ்வலுமாரியில் உள. அவற்றைக் காணுந்தோறும் அவ்வேளாண்மைக்காரரின் கேள்வி நினைவுக்கு வரும்.

பிழை எங்கே?

முகவரை எளிதிற் பழிக்கலாம், பழிக்கத்தக்கவரே. ஆயின் 24 பேருக்குரிய விலையைப் பேசிக் குறைத்தவர் யாங்கள். குறைந்த விலைக்கு 24 பேரையும் எதிர்பார்த்தவர்களும் யாங்களே. எம் பேரத்தின் பாரத்தை முகவர் தாம் சுமக்கவில்லை. வாத்தியக்காரரின் வேலையிலும் நடிகரின் வயிற்றிலும் இறக்கிவைத்தார். அந்நடிகர்க்குச் சங்கமில்லை, எழுத்து மூலமான உடன்படிக்கை இல்லை, 'இத்தொகைக்குக் குறைய வரமாட்டோம்' என்று ஒருமித்துச் சொல்லும் வலிமை இல்லை. ஆகவே ஆடுவோர்க்கு இழைக்கப்பட்ட குறையும் காண்போர்க்கு இழைக்கப்பட்ட குறையும் இரு வேறு குறைகள் அல்ல. ஒன்றே இரு முகங்காட்டுகின்றது.

பழந்தமிழர் இதனை அறியாதவரல்லர். பத்துப்பாட்டிலே செம்பாதி ஆற்றுப்படை நூல்கள். பொருநரும் பாணரும் கூத்தரும் ஊர்விட்டு ஊர் சென்று ஆடியும் பாடியும் வாழ்ந்தவர். அந்நாளைச் சுற்றுக் குழுவினர் அவர்களே. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி சொல்கின்றான். எந்த நாட்டிலே எவ்வுணவு கிடைக்கும், எவ்வழி இடர் உடைத்து, எம்மன்னன் எவ்வாறு வரவேற்பான் என்று விரித்துரைக்கின்றான். புலவர் பெருமக்கள் இதனை மன்னர் புகழாகக் கொண்டனர். எனினும் தொழில்செய்வான் ஒருவன் தன் தொழிலைச் செய்வான் மற்றொருவனுக்குத் தான் அறிந்த நிலவரத்தை ஒளியாது சொல்லும் அந்த முறையிலே, சங்கம் என்பதன் வித்து உண்டு என்று யான் கருதுகிறேன்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் நமக்கு ஒரு பாடம். மாதவி ஐந்தாண்டு அகவையிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னீராண்டு அகவையில் அரங்கேறினாள். அவள் ஆடலைச் சொல்லுமுன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் இலக்கணத்தை முறையே சொல்கின்றார். அரங்கின் அளவும் நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல், உயரம் ஒருகோல் என்று உரைக்கப்படுகின்றது. ஆடுவாள் ஒருத்தியே ஆயினும், அவளைச் சூழ நிற்போரின் தகுதியின்றி அவ்வாடல் இல்லை என்பது குறிப்பு. எம் ஊர்க்கு அயலாகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், அடியார்க்குநல்லார் உரையில் எஞ்சிய நாடகத் தமிழ் இலக்கணத்தைத் தேடித் திரட்டி, 1926இல் 'மதங்க சூளாமணி'யாக வெளியிட்டார்கள். அவர்கள் பிறந்த மண்ணிலேயே வாத்தியக்காரரை ஒரு விரலளவுக் கருவிக்குள் அடைத்துவிட்டு அதனை இசை நாடகம் என்று விற்றோம்.

இஃது எம்மூர்க் குறை மட்டுமன்று. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னையில் நடந்த பேரிசை நிகழ்ச்சியொன்றிலே, சீட்டு வாங்கியவர் பலர் உள்ளே செல்லவியலாமல் திரும்பினர். பணத்தைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. புகழ் பெரிதாயினும் சிறிதாயினும், விற்றதும் கொடுத்ததும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே நீதி. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டமும் பொருளையோ சேவையையோ விற்பவர் வாங்குவோரைத் தவறான வழியிற் செலுத்துதலைத் தடுக்கின்றது. ஆயினும் ஓரிரவு நாடகத்துக்காக நீதிமன்றப் படியேறுவார் எவருமிலர். ஆதலின் ஊராரும் அழைப்போரும் தமக்குத் தாமே சில விதிகளை வகுத்துக்கொள்ளுதல் நன்று.

யான் பட்டறிந்து கண்டவை இவை. விளம்பரத்தில் வருவோரின் பெயரும் தொகையும் மெய்யாக இருத்தல் வேண்டும். இசை நேரில் வாசிக்கப்படுவதா, பதிவுசெய்யப்பட்டதா என்பதை மறையாது அச்சிடல் வேண்டும். தலைமை நடிகர் வாராதொழியின் திரை விலகுமுன்னே அறிவித்து, விரும்பினார்க்குப் பணத்தை மீளக்கொடுத்தல் வேண்டும். முகவரோடு மட்டுமன்றிக் குழுத்தலைவரோடும் எழுத்தில் உடன்படிக்கை செய்து, நடிகர் ஒவ்வொருவர்க்கும் சேரும் தொகை எவ்வளவு என்பதை அதிற் குறித்தல் வேண்டும். உணவும் உறைவிடமும் அழைத்தவர் கடன். விலையைக் குறைக்க வேண்டியிருந்தால், 'எதனைக் குறைத்துக்கொள்வோம்' என்று இருபாலாரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்க. பன்னிருவர் நடிக்கும் சிறு நாடகமாகப் பேசியிருந்தால், பன்னிருவர் நாடகமென்றே விளம்பரஞ் செய்திருப்போம். அவ்வேளாண்மைக்காரரும் எழுந்திருந்து வினவியிரார்.

நடிகர்க்கும் ஒன்று சொல்வேன். இந்நாட்டில் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி, உறுப்பினர் எழுவர் கையொப்பமிட்டு ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கலாம். அன்று அந்த வானிலிருந்து இறங்கியவர் பதின்மூவர்.

காண்போராகிய நாமும் நம்மைச் சற்றே வினவிக்கொள்ளல் தகும். எதிர்பார்த்தல் குற்றமன்று, அது நம் உரிமை. காசு கொடுத்தவன் கேட்கலாம். ஆயின், யாரைக் கேட்கவேண்டுமோ அவரைக் கேட்டல் வேண்டும். மேடையில் வெளிச்சத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகின்றார். ஆதலின் கோம்பை அவர்மேல் விழுகின்றது. விளம்பரத்தை எழுதியவரும் விலையைப் பேசியவரும் இருட்டில் இருக்கின்றனர்.

இப்பொழுதும் ஊரிலே யாரேனும் விளம்பரம் எழுதித் தரும்படி என்னிடம் வருவதுண்டு. எழுதித் தருகிறேன். ஆனால் முதலில் வருபவர் பெயர்ப்பட்டியலைக் கேட்கிறேன். பின்னர், அவருள் ஒருவரோடேனும் தொலைபேசியிற் பேசுகிறேன். பாடச் சொல்லி ஒரு பாட்டும் கேட்கிறேன். 'சேர், ஒரு நோட்டீசுக்கு இவ்வளவு பாடா?' என்று இளைஞர்கள் சிரிக்கின்றனர். வாப்பாவின் துவிச்சக்கர வண்டியில் அவர்கள் ஏறியதில்லை.